பழைய பிளாட்ஃபார்ம், குறுகிய பருவம்: மலேசிய எண்ணெய் வயல்களில் பொறியாளர் வேலை

மலேசிய எண்ணெய், எரிவாயுத் துறைக்கு வரும் இளம் பொறியாளர்களில் பலர் மனத்தில் ஆழ்கடலை வைத்துக்கொண்டு வருகிறார்கள். சபாவுக்கு அப்பால் 1,300 மீட்டர் ஆழத்தில் 2007-இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய கிக்கே, அதற்குப் பின் வந்த குமுசுட்-காக்காப், மாலிகாய் எல்லாம் பெரிய சாதனைகள்தான். ஆனால் நிறையப் பேருக்குக் கிடைக்கும் வேலை வேறு. திரங்கானு கரையிலிருந்து ஹெலிகாப்டரில் போய் இறங்கினால், அறுபது எழுபது மீட்டர் ஆழக் கடலில் நான்கு கால், எட்டுக் கால் ஊன்றி நிற்கும் பிளாட்ஃபார்ம்கள். 1970களிலும் 80களிலும் நட்டவை, 25 ஆண்டு ஆயுள் என்று கணக்குப் போட்டுக் கட்டியவை. அவற்றில் பல அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டு இன்னும் எண்ணெய் தருகின்றன. சரவாக், சபா பக்கமும் இதே கதைதான். மிரியில் முதல் கிணறு தோண்டியது 1910-இல். இந்த நாட்டுக்கு எண்ணெய் புதிதல்ல, இரும்பும் புதிதல்ல. அந்த இரும்பை அடுத்த பருவம் வரைக்கும் கசியாமல் வைத்திருப்பதுதான் வேலை. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். 1974-ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தின்படி எண்ணெய் வளம் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸுக்கு உரியது. வயலை நடத்தும் நிறுவனங்கள் அதனுடன் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நடத்துகின்றன. பராமரிப்பு, மாற்றியமைப்பு, ஹூக்-அப் (கடலில் கொண்டுபோய் இணைத்துப் பொருத்தும்) வேலைகளை அவை பெட்ரோனாஸ் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்களிடம் கொடுக்கின்றன. பெரும்பாலான களப் பொறியாளர்கள் இந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள். இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கால்-அவுட் வகை: விலைப்பட்டியல் முன்கூட்டியே முடிவாகியிருக்கும், எவ்வளவு வேலை வரும் என்பதற்கு உத்தரவாதம் இருக்காது. ஆகவே வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சம்பளம் மாதக் கணக்கா, வேலை பார்த்த நாளுக்கு மட்டும் தரும் டே ரேட்டா? டே ரேட் என்றால் மழைக்கால மாதங்களில் என்ன ஏற்பாடு? பயிற்சிச் சான்றிதழ்களுக்கு யார் பணம் கட்டுவது? சபா, சரவாக்கில் வேலை என்றால் இன்னொன்றும் உண்டு. அந்த இரு மாநிலங்களுக்கும் குடிநுழைவில் தனி அதிகாரம் இருக்கிறது. தீபகற்ப மலேசியர்களே அங்கே வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கோலாலம்பூரில் வாங்கிய பாஸை வைத்துக்கொண்டு மிரியில் வேலை பார்க்க முடியாது.

கடலுக்குப் போகத் தேவையானவை: ஆஃப்ஷோர் மருத்துவத் தகுதி, தேசியத் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் நடத்தும் எண்ணெய் எரிவாயுப் பாதுகாப்புப் பாஸ்போர்ட், இத்துறைப் பயிற்சித் தரங்களை வகுக்கும் ஓப்பிட்டோ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற டிராப்பிக்கல் போசியட் என்னும் அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சி. போசியட்டில் தீயணைப்பு, முதலுதவி, உயிர்காப்புப் படகு எல்லாம் உண்டு. நீச்சல்குளத்தில் தலைகீழாகக் கவிழும் ஹெலிகாப்டர் கூண்டிலிருந்து வெளியே வரும் பயிற்சியும் அதில்தான். நான்கு ஆண்டுக்குச் செல்லும். காலாவதியாகும் முன்பே புதுப்பித்தால் சுருக்கப் பயிற்சி போதும். தேதி தாண்டிவிட்டால் முழுப் பயிற்சியையும் திரும்பச் செய்ய வேண்டும். சான்றிதழ் ஒன்று காலாவதியானாலும் ஹெலிகாப்டர் இருக்கை போய்விடும். உங்கள் இருக்கை போனால் உங்கள் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு அங்கே தலைமை இல்லாமல் போகும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வேலைத் திட்டங்கள் அடிக்கடி குலைவது இதனால்தான்.

இனிப் பருவம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை தென்சீனக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். பிளாட்ஃபார்ம் உற்பத்தி நிற்காது. ஆனால் ஒப்பந்ததாரரின் ஆட்கள் தங்கும் வேலைக் கப்பல் பிளாட்ஃபார்ம் அருகே நிற்க முடியாது. அதற்கும் பிளாட்ஃபார்முக்கும் இடையே பாலம் போட முடியாது. கிரேனில் பொருள் தூக்க முடியாது. எனவே பெரிய வேலைகளுக்குக் கையில் இருப்பது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். அந்த மாதங்களிலும் எல்லைக்கோடு போடுவது படுக்கைகளின் எண்ணிக்கை. பழைய பிளாட்ஃபார்மில் தங்குமிடம் குறைவு. உயிர்காப்புப் படகின் கொள்ளளவுக்கு மேல் ஒருவர்கூட இருக்கக் கூடாது. வெல்டர், ஃபிட்டர், பாரம் தூக்கும் ரிக்கர், சாரம் கட்டுபவர், பெயின்டர், ஆய்வாளர் என்று ஒவ்வொரு படுக்கைக்கும் போட்டி நடக்கும். சாரம் கட்டுபவர்கள் ஒரு வாரம் தாமதமாக ஏறினால் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் எல்லோரும் படுக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆள் வரிசையைப் போடுவது திட்டமிடுபவரின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். எந்தக் குழாய்க்கு எந்த நாளில் சாரம் வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எந்தக் குழாயை மாற்றுவது? இதற்கு விடை தடிமன் அளவில் இருக்கிறது. அல்ட்ராசோனிக் கருவியால் அளந்த எண்களை வாங்கி வைத்தால் போதாது. கணக்குப் போட வேண்டும். 6 அங்குல, ஷெட்யூல் 80 (தடிமன் வகை) குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 168.3 மி.மீ., பெயரளவுத் தடிமன் 10.97 மி.மீ., இரும்பின் தரம் ஏ106 கிரேடு பி, வடிவமைப்பு அழுத்தம் 100 பார், அதாவது 10 மெகாபாஸ்கல். குழாய் வடிவமைப்பு நெறிமுறையான பி31.3-இன் சூத்திரப்படி மேலே அழுத்தம் பெருக்கல் விட்டம், 1683. கீழே அனுமதிக்கப்பட்ட தகைவு 138-உடன் அழுத்தத்தின் 0.4 மடங்கு, அதாவது 4, சேர்த்து, இரண்டால் பெருக்கினால் 284. வகுத்தால் 5.93 மி.மீ.; அழுத்தத்தைத் தாங்க இவ்வளவு வேண்டும். ஐந்து ஆண்டுக்கு முன் அளந்தது 8.4, இப்போது 7.4 என்றால் ஆண்டுக்கு 0.2 மி.மீ. தேய்கிறது. மீதி இருக்கும் 1.47 மி.மீ.க்கு ஏழு ஆண்டுக்குச் சற்று மேல் ஆயுள். குழாய் ஆய்வு நெறிமுறையான ஏபிஐ 570 சொல்வது: மீதி ஆயுளில் பாதி, அல்லது (கசிந்தால் ஆபத்து மிக அதிகமான) முதல் வகுப்புக் குழாய்க்கு ஐந்து ஆண்டு, இரண்டில் எது குறைவோ அதற்குள் அடுத்த ஆய்வு. ஆக, மூன்றரை ஆண்டுக்குள் அளந்தாக வேண்டும். மழைக்காலத்தைக் கழித்தால் அது மூன்று பருவம்தான்.

இந்தக் கணக்கில் ஏமாறும் இடங்கள் உண்டு. குழாய் புதிதாக வந்தபோதே உற்பத்தியில் அனுமதிக்கப்படும் தடிமன் குறைவு 12.5 விழுக்காடு, அந்த 10.97 மி.மீ. குழாய் 9.6 மி.மீ.யாகவே வந்திருக்கலாம். முதல் அளவு எடுக்காமல் பெயரளவுத் தடிமனிலிருந்து கணக்குப் போட்டால் தேய்மானம் இல்லாததைத் தேய்மானம் என்பீர்கள். இன்னொன்று, போன தடவையைவிட இந்தத் தடவை தடிமன் கூடியிருக்கும். இரும்பு வளராது. பெயின்ட்டோடு சேர்த்து அளந்திருப்பார்கள், அல்லது சூடான குழாயில் வெப்பத் திருத்தம் செய்யாமல் அளந்திருப்பார்கள், அல்லது இடம் மாறியிருக்கும். அப்படிப்பட்ட எண்ணைச் சராசரியில் போட்டு மறைக்காமல் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அளக்கும் இடம். குழாயின் பக்கவாட்டில் அளந்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் தேங்குவது அடியில், ஆறு மணித் திசையில். மணல் அடிப்பது, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வுக்கு அடுத்த முழங்கையின் வெளி வளைவில். ஓட்டமே இல்லாத கிளைக் குழாய்தான் எல்லோரும் மறக்கும் இடம். முதலில் ஓட்டை விழுவதும் பல நேரம் அங்கேதான்.

மலேசிய வாயுவில் கார்பன் டை ஆக்சைடு தாராளம். சரவாக்கின் காசாவாரி வயலில் ஏறத்தாழ 40 விழுக்காடு. கே5 போன்ற வயல்களில் 70 விழுக்காடு வரை போகும். ஈரம் சேர்ந்தால் அது கார்பானிக் அமிலம். களத்தில் புழங்கும் கணக்கு எளிது: மொத்த அழுத்தத்தை அதன் பங்கால் பெருக்குங்கள். 0.5 பாருக்குக் கீழே என்றால் அரிப்பு அவ்வளவாக இராது, 2 பாருக்கு மேல் என்றால் அரிப்பு உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 40 பாரில் ஓடும் குழாயில் 10 விழுக்காடு இருந்தாலே 4 பார் ஆகிவிடுகிறது. அரிப்புத் தடுப்பான் ஊசியேற்றும் பம்பு நாலு நாள் நின்றிருந்தது என்று பிளாட்ஃபார்மை இயக்குபவரின் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அரிப்புப் பொறியாளர் பார்ப்பதற்குள் ஆறு மாதம் ஓடியிருக்கும். அந்தக் குறிப்பேட்டை மாதம் ஒருமுறையாவது வாங்கிப் படிப்பது எந்த மென்பொருளையும்விடப் பயன் தரும் என்பது என் கருத்து.

வெளியிலிருந்து வரும் அரிப்பு அதைவிடக் கள்ளத்தனமானது. குழாயைச் சுற்றிய வெப்பக் காப்புறைக்குள் ஈரம் புகுந்தால், மைனஸ் 12-இலிருந்து 175 டிகிரி செல்சியஸ் வரை ஓடும் சாதாரண இரும்புக் குழாய் எல்லாமே ஆபத்து வட்டத்தில்தான். அலுமினியத் தகடு மேலே பளபளக்கும், உள்ளே குழாய் செதில் செதிலாக உதிரும். தகட்டின் மூட்டு கீழ்நோக்கி மடிந்திருக்கிறதா, தாங்கி துளைத்து வரும் இடத்தில் சீலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்கள் ஏறி மிதித்து நெளிந்த இடங்களில் கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டும். சூடு படாமல் ஆளைக் காக்க மட்டும் போட்ட காப்புறை என்றால் அதை எடுத்துவிட்டு கம்பிவலைக் கூண்டு போடுவது நல்லது; ஈரம் தங்க இடமிருக்காது.

பெயின்ட் வேலையைத் தாழ்வாக நினைக்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். இந்தத் தட்பவெப்பத்தில் அது தவறு. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பத்தைவிட) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், கழுவிய பின் உப்பு சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தென்சீனக் கடலில் விடிகாலையிலும் அந்திக்குப் பிறகும் முதல் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. அதனால் 12 மணி நேர ஷிஃப்டில் பெயின்ட் பூசக் கிடைப்பது நடுப்பகல் சில மணி நேரம்தான். அதைக் கணக்கில் எடுக்காமல் சதுர மீட்டரை நாளால் வகுத்துத் திட்டம் போட்டால், ஈரத்தின் மேல் பூசுவார்கள். அடுத்த பருவத்துக்குள் உரியும்.

குழாய்த்துண்டு மாற்றும் வேலைக்கு வருவோம். பழைய வரைபடத்தை நம்பி ஸ்பூல் (கரையில் முன்கூட்டியே செய்து அனுப்பும் குழாய்த்துண்டு) செய்யக் கூடாது. நாற்பது ஆண்டில் எத்தனையோ சின்ன மாற்றங்கள் வரைபடத்தில் ஏறாமலே நடந்திருக்கும். நேரில் அளக்க வேண்டும். சிக்கலான இடத்தில் லேசர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்படியும் ஒரு முனையில் 100, 150 மி.மீ. கூடுதல் நீளம் விட்டு, ஃபிளாஞ்சைக் (போல்ட் போட்டு இணைக்கும் குழாய் விளிம்பை) கட்டிவிடாமல் அனுப்பினால், களத்தில் வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம். களவெல்டு ஒன்று கூடும்தான். ஆனால் பொருந்தாத ஸ்பூலைக் கரையிலுள்ள கெமாமான் தளத்துக்கோ லாபுவானுக்கோ திருப்பி அனுப்பி, மறுபடி படகுக்குக் காத்திருப்பதைவிட அது மலிவு. கடைசியாக இணைக்கும் அந்த வெல்டை அழுத்தச் சோதனை செய்ய முடியாத நிலை இருந்தால் முழு ரேடியோகிராஃபியோ அல்ட்ராசோனிக்கோ செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே அனுமதி வாங்கி எழுதிவிடுங்கள். 7018 வெல்டிங் குச்சியைத் திறந்த பெட்டியில் வைத்திருக்கும் வெல்டரைக் கண்டால் நிறுத்துங்கள். இந்த ஈரக்காற்றில் அது நீரை உறிஞ்சும். நீரிலிருந்து ஹைட்ரஜன், ஹைட்ரஜனிலிருந்து விரிசல்.

வெட்டும் முன், அந்தக் குழாயை மற்றவற்றிலிருந்து தனிமைப்படுத்தல். ஒற்றை வால்வை மூடிப் பூட்டுவது பழைய பிளாட்ஃபார்மில் தனிமைப்படுத்தல் ஆகாது, ஏனென்றால் அந்த வால்வு இருபது ஆண்டாக முழுதாக மூடிப் பார்க்காத வால்வாக இருக்கும். இரண்டு வால்வை மூடி நடுவில் வடித்துப் பாருங்கள். வடிகாலில் தொடர்ந்து வருகிறதென்றால் வால்வு உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். நெருப்பு வேலைக்கும் ஆள் உள்ளே போகும் வேலைக்கும் ஸ்பேட் (குழாயை அடைக்கும் இரும்புத் தகடு) போட்டாக வேண்டும். போட்ட ஒவ்வொரு ஸ்பேடுக்கும் எண், பட்டியல், சிவப்பு அடையாள அட்டை. எடுக்கும்போது அதே பட்டியலில் கையெழுத்து. தொட்டிக்குள் போக ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காடு, எரிவாயு, கீழ் வெடிப்பெல்லையில் (வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 விழுக்காட்டுக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குக் கீழ். அளப்பவர் அங்கீகரிக்கப்பட்ட வாயுப் பரிசோதகராக இருக்க வேண்டும். நெருப்பு வேலைக்கு எரிவாயு பூஜ்ஜியமாக வேண்டும் என்றே வற்புறுத்துங்கள். இந்தப் பகுதி வாயுவில் பாதரசமும் வருவதுண்டு. வாயுப் பரிசோதனைக் கருவி அதைக் காட்டாது, தனிக் கருவி வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம் என்பது வழக்கமான எல்லை. இரும்பின் தோலுக்குள் ஒளிந்திருக்கும் பாதரசம் கட்டிங் டார்ச் பட்டதும் ஆவியாகி வரும், அளக்கும்போது சுத்தமாகத் தெரிந்த தொட்டியிலும்கூட.

ஃபிளாஞ்சைப் பிரிக்கும்போது காற்று வரும் திசையில் நின்று, உங்களுக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும். உள்ளே மிச்சம் அழுத்தம் இருந்தால் அது உங்கள் முகத்தில் அல்லாமல் அப்பால் அடிக்கும். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டு, மூட்டு திறந்த பிறகே எடுக்க வேண்டும்.

திரும்பக் கட்டுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 6 அங்குல, 600 வகுப்பு ஃபிளாஞ்சு: 1 அங்குல பி7 ஸ்டட் (தலையில்லாத போல்ட்) 12, நட் 2எச், கசிவை அடைக்கும் ரிங் கேஸ்கெட் என்றால் ஆர்45. ரிங்கைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பழசில் அமுங்கிய தடம் இருக்கும். கட்டும் முன் இரண்டு முகங்களும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். மையக்கோடு 1.5 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது, சுற்றிலும் இடைவெளியின் வித்தியாசம் 0.8 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. செயின் பிளாக் போட்டு இழுத்துத்தான் போல்ட் நுழைகிறது என்றால் ஸ்பூலில் பிழை. அந்த இழுவிசை முழுதும் கேஸ்கெட்டிலும் பக்கத்து வெல்டிலும் உட்காரும்.

டார்க் (நட்டை இறுக்கும் முறுக்குவிசை) மதிப்பை எங்கிருந்தோ நகலெடுக்காமல் கணக்கிட்டு எழுதுங்கள். ஸ்டட்டில் 345 மெகாபாஸ்கல் தகைவு வேண்டும். 1 அங்குல ஸ்டட்டின் தகைவுப் பரப்பு 391 சதுர மி.மீ.; விசை 135 கிலோநியூட்டன் வருகிறது. நல்ல உராய்வு நீக்கிப் பசை போட்டால் நட் காரணி (உராய்வுக்கான எண்) 0.12, விசையோடும் விட்டத்தோடும் பெருக்கினால் ஏறத்தாழ 410 நியூட்டன் மீட்டர். இதே ஸ்டட் உலர்ந்து துருப்பிடித்திருந்தால் காரணி 0.2 ஆகும், அதே விசைக்கு 685 வேண்டும். பசையில்லாத துரு ஸ்டட்டில் 410 வைத்து டார்க் ரெஞ்சு சொடுக்கினால் கேஸ்கெட்டுக்குப் போவது தேவையான விசையில் 60 விழுக்காடுதான். ஆவணத்தில் சரியான எண், மூட்டில் கசிவு. பசை மரைக்கு மட்டுமன்றி நட்டின் அடிமுகத்துக்கும் போட வேண்டும். பாதி உராய்வு அங்கேதான். இறுக்குவது நட்சத்திர வரிசையில், 30, 70, 100 விழுக்காடு என்று மூன்று சுற்று, பிறகு நட் அசையாத வரை வட்டமாக. ஸ்பைரல் வூண்ட் (உலோகப் பட்டையைச் சுருளாகச் சுற்றிய) கேஸ்கெட் என்றால் நான்கு மணி நேரமாவது விட்டு மறுபடி ஒரு சுற்று. கேஸ்கெட் அமுங்கியதில் விசை இறங்கியிருக்கும்.

குழுவில் மலாய்க்காரர், சரவாக்கின் இபான், சபாவின் கடசான், இந்தோனேசியர் என்று கலந்திருப்பார்கள். வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் பாதுகாப்புக் கூட்டம் மலாயில்தான். கெதாட் என்றால் இறுக்கம், லோங்கார் தளர்வு, போச்சோர் கசிவு, பெர்ஹெந்தி நிறுத்து. கொஞ்ச நாளில் பேசக் கற்றுக்கொண்டால் வயதில் மூத்த ஃபோர்மேனை ‘அபாங்’ என்று அழைத்து, இந்த மூட்டு போன முறை எப்படி நடந்தது என்று கேட்கலாம். வரைபடத்தில் இல்லாதது அவரிடம் இருக்கும்.

சோதனை. புதுக் குழாய்க்குக் கரையிலேயே வடிவமைப்பு அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் நீர்ச் சோதனை. களத்தில் மூட்டுகளுக்கு 99 விழுக்காடு நைட்ரஜன், 1 விழுக்காடு ஹீலியம் கலந்து கசிவுச் சோதனை. ஒவ்வொரு ஃபிளாஞ்சையும் டேப்பால் சுற்றி, சின்ன ஓட்டை போட்டு, கருவியால் மோந்து பார்ப்பார்கள். நைட்ரஜன் சிலிண்டர் எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிடுங்கள்: அமைப்பின் கொள்ளளவு பெருக்கல் அழுத்தம், கூடவே குறைந்தது இரண்டு முறை திரும்பச் செய்ய இருப்பு. பிளாட்ஃபார்மைத் திரும்ப இயக்கும் நாளில் நைட்ரஜன் தீர்ந்து நின்றால், ஒரு நாள் உற்பத்தி இழப்பு உங்கள் பெயரில் எழுதப்படும்.

மாற்ற நேரமில்லாத குழாய்க்கு கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி) போடுவார்கள், அல்லது கலவைப்பொருள் உறை சுற்றுவார்கள். உறை வெளிப்புற அரிப்புக்கு நல்லது. உள்ளே தேய்கிற குழாயில் தேய்மானம் உறைக்கடியில் தொடர்ந்துகொண்டேதான் இருக்கும், வெளியிலிருந்து அளக்கவும் முடியாமல் போகும். அதனால் போட்ட ஒவ்வொரு தற்காலிகப் பழுதுக்கும் குழாய் எண், போட்ட தேதி, காலாவதித் தேதி, நிரந்தர மாற்றத்துக்கான ஸ்பூல் ஆர்டர் எண் நான்கும் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தக் குழாய்க்கும் ஃபிளாஞ்சுக்கும் தயாரிப்பு நேரமே மாதக்கணக்கில் ஆகும். அக்டோபரில் கப்பலை விட்டு இறங்கும் முன் ஆர்டர் போட்டால்தான் ஏப்ரலில் கெமாமானிலிருந்து கிளம்பும் முதல் படகில் அது ஏறும்.